பறவைகளை எழுப்புவது ஓதத்தின் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுத்து அனுப்பும் ஒளிப்படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு வருவதையும், அண்மைக் காலமாக அந்தப் பக்கத்தில் ஓதநீர், அதாவது கடலின் ஏற்றவற்ற நீர், ஏறி இறங்கும் கழிகளில் இரை தேடும் கரைப்பறவைகளின் படங்கள் மிகுதியாக இடம்பெறுவதையும் மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். மயிலும் மீன்கொத்தியும் மட்டுமே பறவைப் படங்களாக அச்சான காலம் மாறி, சேற்று நிறத்தில் சேற்றிலேயே மறைந்து நிற்கும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் மக்கள் பொறுமையாகப் படம் எடுக்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். ஆனால் அந்தப் பக்கத்தில் மிகப் பெரிய அளவில் அச்சாகும் படம் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கிறது. நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருசேரச் சேற்றிலிருந்து எழுந்து, இறக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் வானத்தை நிறைக்கும் படம் அது. அவற்றுள் பல, பறவைகளை நோக்கி மனிதர் நடந்து சென்றதால் கிடைத்தவை என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அத்தகைய படங்களுக்குத் தரப்படும் முதலிடத்தைத் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

படத்திலேயே எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கரைப்பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இயங்கும். தானாக இடம் மாறும் கூட்டத்தில் சில பறவைகள் முன்னதாக எழும், சில தயங்கி நிற்கும், சில அப்போதும் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். இனத்துக்கு இனம் புறப்படும் நேரமும் வேறுபடும். மனிதர் நெருங்கியதால் எழுந்த கூட்டத்திலோ எல்லா இனங்களும் ஒரே நொடியில் கலந்து எழுகின்றன. பெரும்பாலானவை படம் எடுப்பவருக்கு வாலைக் காட்டிப் பறக்கின்றன. கால்கள் இன்னும் பின்னோக்கி நீட்டப்படாமல் தொங்குகின்றன. சேற்றில் ஒரு பறவைகூட மிஞ்சுவதில்லை. பைரி போன்ற வேட்டைப் பறவை பாய்ந்தபோது எழுந்த கூட்டமாக இருந்தால், அது நெருக்கமாகத் திரண்டு, உருண்டு திரும்பும் உருவத்தில் இருக்கும். சிதறி விலகும் கூட்டத்திலிருந்து அதனை எளிதாகப் பிரித்தறியலாம். ஒரு படத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்கிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே பக்கத்தில் வாரந்தோறும் இதே அடையாளங்கள் திரும்பத் திரும்ப வரும்போது, படம் எடுப்பவர்களிடையே ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது என்று கருத வேண்டியிருக்கிறது. அச்சில் கிடைக்கும் பெரிய இடம் அந்தப் பழக்கத்துக்கு ஊக்கமாகவும் அமைந்துவிடுகிறது.

இதில் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பறவைகளின் நாள் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பறவைகள் சூரியனைப் பார்த்து எழுந்து, சூரியனைப் பார்த்து அடைகின்றன. கழியில் வாழும் கரைப்பறவைக்குக் கடிகாரம் சந்திரன்தான். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றுகிறது. சந்திரன் தலைக்கு மேல் மீண்டும் வந்து சேர ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்கள் ஆவதால், இன்று காலை ஏழு மணிக்கு வற்றிய நீர் நாளை ஏறத்தாழ எட்டு மணிக்கு வற்றும். சேறு வெளிப்பட்டிருக்கும் சில மணி நேரமே அந்தப் பறவைகளுக்கு உணவு நேரம். அது நள்ளிரவில் வந்தாலும் அவை இருட்டில் இரை தேடும். நீர் ஏறிச் சேற்றை மூடியதும், நனையாத ஒரு மணல்திட்டிலோ கரை விளிம்பிலோ உப்பளத்திலோ கூட்டமாக அடைந்து, அடுத்த வற்றத்துக்காகக் காத்திருக்கும். ஆகவே நண்பகலில் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகி உறங்கும் உள்ளான் கூட்டம் இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்த கூட்டமாகவும் இருக்கலாம். அதற்கு அப்போது போக வேறு இடமும் இல்லை. நீர் உச்சத்தில் இருக்கையில் கழியெங்கும் மூழ்கிக் கிடக்க, எஞ்சிய ஒரே திட்டிலிருந்து அதனை எழுப்பிவிடுவதே இந்தப் படங்களில் நடக்கிறது.

சேற்றில் அவை செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது விளங்கும். உள்ளான்களின் அலகு நுனியில் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் எனப்படும் உணர்வு முனைகள் செறிந்துள்ளன. அவற்றின் துணையால் கண்ணுக்குத் தெரியாத புழுவின் அசைவை அலகே உணர்ந்துகொள்கிறது. நாட் எனப்படும் உள்ளான் வகை, ஈரச் சேற்றில் அலகை அழுத்தும்போது உண்டாகும் நீரழுத்த வேறுபாட்டைக் கொண்டு, அசையாமல் புதைந்திருக்கும் சிப்பியைக்கூடக் கண்டுகொள்கிறது. நீண்ட அலகுள்ள பல இனங்கள், அலகு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும்போதே, மேல் அலகின் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்றவல்லவை. உப்புக்கொத்திகளின் முறை இதற்கு நேர்மாறானது. பெரிய கண்களால் பார்த்து, சில அடி ஓடி, சட்டென்று நின்று, கொத்தி, மறுபடி ஓடுகின்றன. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கர்லூ என்னும் பெரிய கரைப்பறவையில் பெண்ணுக்கு அலகு நீளம், ஆணுக்குச் சற்றுக் குட்டை. இரண்டும் ஒரே கழியில் நின்றாலும் ஒரே ஆழத்தில் தேட வேண்டியதில்லை. மெல்லிய அலகுடைய சில இனங்கள் நுண்ணுயிர் அடங்கிய நீர்த்துளியை அலகு நுனியில் எடுத்து, அலகைத் திறந்து மூடுவதன் மூலமாகவே, நீரின் பரப்பிழுவிசையால் அத்துளியை வாய்வரை ஏற்றிவிடுகின்றன. சேற்றின் மேற்பரப்பில் படரும் நுண்ணுயிர்ப் படலத்தையே வழித்து உண்ணும் உள்ளான்களும் உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் ஆய்வாளர்களுக்குத் தெளிவாயிற்று. இத்தனை வேலைகளும் படத்துக்குரியவை. இவற்றில் எதுவும், எழுந்து பறக்கும் கூட்டத்தின் படத்தில் இல்லை.

அவை இவ்வளவு மும்முரமாக உண்பதற்குக் காரணம் உண்டு. 20 அல்லது 30 கிராம் எடையுள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் பிறந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே வந்து, பருவம் மாறியதும் திரும்பிச் செல்லும் பறவை. பட்டைவால் மூக்கன் என்னும் நீண்ட அலகுள்ள கரைப்பறவையின் பயணம் இதனினும் கடுமையானது. 2007-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை, எங்கும் இறங்காமல், எட்டு நாள்களுக்கு மேல் பறந்து 11,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்தது. 2022-இல் அதே இனத்தைச் சேர்ந்த, பிறந்து ஐந்து மாதமே ஆன இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் இறங்காமலே பறந்தது பதிவாகியுள்ளது. நடுவழியில் உணவில்லை, நீரில்லை. பயணத்துக்கு முன் சேற்றுப்படுகையில் உண்டு சேர்த்த கொழுப்பே எரிபொருள். புறப்படும் வேளையில் அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாக இருக்கும். அந்தச் சுமைக்கு இடம் கொடுக்க அதன் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. இறக்கையடித்துப் பறப்பதற்கு, ஓய்வாக நிற்கும்போது செலவாகும் ஆற்றலைப்போல் பல மடங்கு தேவைப்படுகிறது. ஆகவே ஒருவர் ஒருமுறை எழுப்பிவிடும் கூட்டம், தேடிச் சேர்த்த உணவில் ஒரு பங்கைச் செலவிட்டு விடுவதோடு, வற்றம் தரும் குறுகிய உணவு நேரத்தில் ஒரு பங்கையும் இழந்துவிடுகிறது.

“பறந்தவை ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து அமர்ந்துவிடுகின்றனவே, அதனால் என்ன நட்டம்?” என்று கேட்பவர்களை நான் அறிவேன். திரும்பி வந்து அமர்வதை அவற்றுக்குக் கவலையில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது. போக வேறு இடமிருக்கும் பறவை திரும்பி வராது. வேறு இடம் இல்லாததும், பசி மிகுந்ததுமான பறவையே அச்சத்தை அடக்கிக்கொண்டு அதே இடத்துக்கு வருகிறது. மேலும் ஒருவரோடு இது முடிவதில்லை. ஒரு கழியின் பெயர் படத்தோடு அச்சாகிவிட்டால், அடுத்த விடுமுறை நாளில் அதே திட்டை நோக்கிப் பலர் வருகிறார்கள். ஒருவர் எழுப்பிய கூட்டம் அமர்வதற்குள் அடுத்தவர் எழுப்புகிறார். ட்ரோன் கொண்டு வருபவர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தலைக்கு மேல் எழும் எதனையும் வேட்டைப் பறவையாகக் கருதுவதே அவற்றின் இயல்பு.

பறக்கும் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பறக்கும் கரைப்பறவைக் கூட்டத்தைப்போல் அழகான காட்சி கழியில் வேறில்லை. ஆனால் அந்தக் காட்சிக்காக யாரும் அவற்றைத் துரத்த வேண்டியதில்லை. ஓதமே அவற்றை எழுப்பும். கழியின் தாழ்வான ஓரங்களில் இரை தேடும் கூட்டம், ஏறிவரும் நீர் கணுக்காலைத் தொட்டு, தொடையைத் தொட்டு, நிற்க இடமில்லாமல் ஆகும்போது, சிறு சிறு குழுக்களாக எழுந்து மேட்டுக்குச் செல்கிறது. கால் குட்டையான உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும் முதலில் போகும். பவளக்கால் உள்ளானும் பச்சைக்கால் உள்ளானும் சற்று நேரம் தாங்கும். நெடுங்கால் உள்ளானும் மூக்கன்களும் வயிறு நனையும்வரை நின்றுவிட்டுக் கடைசியில் எழும். ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு இத்தனை இனங்களும் தனித்தனியாக, பதற்றமில்லாமல், முறை வைத்ததுபோல் பறந்து காட்டுகின்றன. துரத்தி எடுக்கும் படத்தில் ஒரே ஒரு கலவையான கணமே கிடைக்கிறது.

இதற்கு வேண்டியது ஓத அட்டவணையும் காற்றின் திசை பற்றிய அறிவும்தான். ஏற்றம் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் வருவதில்லை. மொத்த உயர்வைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்றும், ஐந்தாம் மணியில் இரண்டும், கடைசி மணியில் ஒன்றும் ஏறும் என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. எனவே பறவைகள் வேகமாக இடம் மாறுவது பெரும்பாலும் நடு இரண்டு மணி நேரத்தில் நடக்கிறது. கழியின் உட்பகுதிக்கு ஏற்றம் வாய்ப்பகுதியைவிடத் தாமதமாகவே வந்து சேரும் என்பதால், அட்டவணையில் உள்ள நேரத்தை அப்படியே நம்பாமல், அந்தக் கழியிலேயே சிலமுறை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோத நாள்களில் நீர் மிக உயர்ந்து, பறவைகளைக் கரையருகே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அந்த நாள்களில்தான் அவற்றுக்கு ஒதுங்கும் இடம் மிகக் குறைவு என்பதால், ஒதுங்கிய பிறகு நெருங்குவது மிகப் பெரிய கேடாகும். அரைச்சந்திர நாள்களை ஒட்டிய சிற்றோதத்தில் ஏற்றவற்றம் சிறியது. சேற்றின் ஒரு பகுதி மூழ்காமலே கிடக்க, பறவைகள் நிதானமாக உண்டுகொண்டிருக்கும். நுணுக்கமான உணவுப் படங்களுக்கு இந்த நாள்களே ஏற்றவை என்பது என் கருத்து.

காற்றைப் பொறுத்தவரை, முதுகுப் பக்கமிருந்து கழியை நோக்கிக் காற்று வீசுமாறு அமர்ந்தால், எழும் பறவையும் இறங்கும் பறவையும் காற்றை எதிர்கொண்டு, தானாகவே கேமராவை நோக்கி முகம் காட்டும். இதோடு வெளிச்சமும் முதுகுப்பக்கம் அமைந்துவிட்டால் கண்ணில் ஒளிப்புள்ளியோடு முகம் தெளிவாகக் கிடைக்கும். இவ்விரண்டும் ஒரே திசையில் அமையும் நாள்கள் குறைவு. அமையாத நாளில் காற்றை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேர்ந்து, பறக்கும் படத்துக்குப் பதிலாக உண்ணும் படத்தை எடுப்பதே அறிவுடைமை.

விரிந்த சேற்றுவெளியைவிடக் கழி படம் எடுப்பவருக்கு அதிகம் உதவும் இடம். வெளியில் பறவை எங்கோ ஒரு புள்ளியாக நிற்கும். அங்கே மனிதரும் மறைவில்லாமல் நிற்க வேண்டும். கழிக்குக் கரையுண்டு, வளைவுண்டு, அலையாத்திப் புதருண்டு. நீர் வற்றும்போது கழியின் நடுவிலுள்ள ஓடை குறுகிக்கொண்டே போக, மீன்குஞ்சும் இறாலும் அந்த ஓடையில் நெருக்கமாகச் சேர, கொக்கும் நாரையும் உள்ளானும் ஓடையின் விளிம்பை ஒட்டியே இறங்கி வருகின்றன. வளைவின் உட்பக்கத்தில், புதரை முதுகுக்கு வைத்து, வற்றத்துக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்டவரைப் பறவைகள் சிறிது நேரத்தில் கரையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கின்றன. அதன்பின் அவை இரை தேடிக்கொண்டே நெருங்கி வரும் தொலைவு, நடந்து சென்று நாம் ஒருபோதும் அடைய முடியாத தொலைவு. மனிதர் நிமிர்ந்து நடப்பதைத்தான் அவை மிகவும் அஞ்சுகின்றன. மெதுவாக மிதந்து செல்லும் படகையோ, அசையாமல் தாழ்ந்து கிடப்பவரையோ பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றன.

தாழ்ந்து கிடப்பதில் படத்துக்கும் நன்மையுண்டு. நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்த படத்தில் சேறே பின்னணியாகி, பறவை அதில் கரைந்துவிடும். கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கினால் பின்புலம் தொலைவுக்குச் சென்று மங்கி, பறவை தனித்து நிற்கும். ஈரச் சேற்றில் அதன் பிரதிபிம்பமும் முழுமையாக விழும். வெண்கொக்கைக் கருஞ்சேற்றின் முன் எடுக்கும்போது கேமராவின் தானியங்கி அளவீடு சேற்றைப் பார்த்து ஏமாந்து, கொக்கின் இறகுகளை விவரமற்ற வெள்ளைத் தாளாக்கிவிடும் என்பதால், ஒளி அளவைக் குறைத்தே எடுக்க வேண்டும். வெயில் ஏறியபின் சேற்றுப்பரப்பிலிருந்து எழும் வெப்ப அலைகள் எவ்வளவு விலையுயர்ந்த நீண்ட லென்ஸையும் பயனற்றதாக்கிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய நெருங்கிச் செல்வதே பலரும் செய்யும் முதல் தவறு. அந்த நேரத்தில் கேமராவை மூடிவைத்துவிட்டு, இருகண் நோக்கியால் பார்ப்பது மேல்.

பறவை தன் அச்சத்தைப் பறப்பதற்கு வெகு முன்பே சொல்லிவிடுகிறது. உண்ணுவதை நிறுத்துகிறது, கழுத்தை உயர்த்துகிறது, பவளக்கால் உள்ளான் உடலை மேலும் கீழும் அசைக்கிறது, ஒற்றைக் காலில் உறங்கியது மறு காலையும் ஊன்றுகிறது, கூட்டம் முழுவதும் ஒரே திசையில் விலகி நடக்கத் தொடங்குகிறது. அப்போதே நின்றுவிட்டு, சில அடிகள் பின்வாங்கினால் பெரும்பாலும் அவை மீண்டும் உண்ணத் தொடங்கிவிடும். கர்லூ போன்ற பெரிய பறவைகள் சிறியவற்றைவிட மிகத் தொலைவிலேயே எழுந்துவிடுகின்றன. ஒரு கர்லூ குரல் கொடுத்து எழுந்தால், அதுவரை அமைதியாக இருந்த நூறு சிறு உள்ளான்களும் அதனோடு எழும். ஆகவே எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கலாம் என்று எல்லாக் கழிக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் மிகவும் கூச்சமுள்ள பறவை எதுவோ, அதுவே தொலைவை முடிவு செய்கிறது.

காத்திருந்து எடுப்பது இன்றைய கருவிகள் தந்த வசதியும் அல்ல. இங்கிலாந்தில் ரெஜினால்ட் லாட்ஜ் என்பவர் எடுத்த, முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும் ஆள்காட்டியின் படம் 1895-இல் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் பதக்கத்தைப் பெற்றது. காட்டுப்பறவை ஒளிப்படத்தின் தொடக்க காலப் படங்களில் ஒன்று கரைப்பறவையின் படம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சியுண்டு. அதே காலத்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள், பறவைகள் மாட்டுக்கு அஞ்சுவதில்லை என்பதைக் கண்டு, உள்ளீடற்ற மாட்டுத்தோல் உருவம் ஒன்றைச் செய்து, அதற்குள் கனத்த கேமராவோடு மணிக்கணக்கில் ஒடுங்கி நின்றார்கள். நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவியும், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் குவியமும் வைத்திருக்கும் நமக்குத் துரத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நல்ல படங்கள் எவ்வளவு மதிப்புமிக்க சான்றாகும் என்பதற்கு வருத்தமான எடுத்துக்காட்டுகள் உண்டு. எஸ்கிமோ கர்லூ என்னும் இனம் வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் பெருங்கூட்டமாக வலசை சென்றது. 1962-இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் எடுக்கப்பட்டவையே அதன் கடைசி உறுதியான படங்கள். மெல்லலகுக் கர்லூ 1995-இல் மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா காயலில் கடைசியாக ஐயமின்றிக் காணப்பட்டது. அந்த இனம் அற்றுப்போய்விட்டதென்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2025-இல் அறிவித்தது. அந்தப் பறவையை இன்று நாம் அறிவது ஒரு சில படங்களாலும் அருங்காட்சியகத் தோல்களாலும்தான். தென் கொரியாவின் சேமாங்கும் கழிமுகம் 2006-இல் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரால் அடைக்கப்பட்டபின், அங்கே பெருந்திரளாக இறங்கி வந்த பெரிய நாட் கூட்டம் மறைந்தது. அந்த இனம் 2015 முதல் அழியும் ஆபத்திலுள்ளதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை 1971-இலேயே கையெழுத்தாகியிருந்தும் சேற்றுப்படுகைகள் இவ்வாறு மறைந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு கழியில் என்னென்ன பறவைகள், எந்த மாதத்தில், எவ்வளவு எண்ணிக்கையில் இருந்தன என்பதற்குத் தேதியிட்ட படங்கள் சான்றாக நிற்கும். அந்தக் கழியைத் தூர்க்க வருபவர்களிடம் “இங்கே ஒன்றுமில்லை, வெறும் சேறுதான்” என்று சொல்ல விடாமல் தடுக்கவல்லவை அவை.

அமைதியாக எடுக்கப்பட்ட படத்தில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கலாம். கரைப்பறவைகளின் கால்களில் ஆய்வாளர்கள் நிறமுள்ள சிறு கொடிகளையும் வளையங்களையும் பொருத்துகிறார்கள். எந்த நாட்டில், எந்த இடத்தில் பிடித்து விடப்பட்டது என்பதைக் கொடியின் நிறச்சேர்க்கை சொல்லும்; அதில் எழுத்தும் எண்ணும் இருந்தால் தனிப்பட்ட அந்தப் பறவையையே அடையாளம் காணலாம். சேற்றில் நின்று உண்ணும் பறவையின் படத்தைப் பெரிதாக்கினால் அந்த எழுத்துகளைப் படிக்க முடியும். எழுந்து சிதறும் கூட்டத்தின் படத்தில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இப்படி ஒரு கொடியைக் கண்டவர் தம் படத்தை இணைப்பிதழுக்கு அனுப்புவதோடு, பறவை வளையமிடும் ஆய்வு அமைப்புகளுக்கும் அனுப்பினால், அந்தப் பறவையின் பயணத்தில் ஒரு நிலையம் கூடுதலாகத் தெரியவரும்.

கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி ஆகியவை வெறுந்தரையில், சிறு குழியில், மண் நிறத்து முட்டைகளை இடுகின்றன. வெப்ப நாடுகளில் தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டும் அல்ல. வெயிலிலிருந்து நிழல் தருவதற்காகவும், வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதற்காகவும்தான். படத்துக்காகத் தாயை அரை மணி நேரம் விலக்கி வைத்தால், கடும் வெயிலில் முட்டைக்குள் உயிர் தங்காது. நம் காலடித் தடத்தைப் பின்பற்றி நாயும் காகமும் வரும். ஆகவே கூட்டுப் படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தங்கள் இதழ் வெளியிடாதிருப்பதே நல்லது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

படம் எடுப்பவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. ஏற்றநீர் கடல் பக்கமிருந்து அலையாக வருமென்று பலர் எதிர்பார்க்கிறார்கள். கழியில் அது ஓசையில்லாமல் கிளை ஓடைகள் வழியாக ஏறி, முன்னால் உள்ள திட்டு நனைவதற்கு முன்பே, பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பித் திரும்பும் வழியை அடைத்துவிடும். இளஞ்சேற்றில் கால் புதைந்தவர் அந்த நீரோடு போட்டியிட முடியாது. பறவைகளை நோக்கிச் சேற்றில் இறங்காமல் கரையிலேயே அமர்பவருக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

எனவே தங்களிடம் சில மாற்றங்களை வேண்டுகிறேன். வாசகர் படத்தோடு, அது ஏற்றத்தில் எடுக்கப்பட்டதா வற்றத்தில் எடுக்கப்பட்டதா, கரையிலிருந்தா படகிலிருந்தா, பறவைகள் ஏன் எழுந்தன என்பவற்றை ஓரிரு வரிகளில் எழுதி அனுப்புமாறு அறிவிப்பில் கேட்கலாம். அந்த வரிகளைப் படத்தின் கீழ் அச்சிட்டால், படிப்பவர்களும் கழியைப் பற்றிச் சிறிது கற்றுக்கொள்வார்கள். கூட்டம் எழும் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நான் முன்னர் சொன்ன அடையாளங்களை வைத்து, துரத்தி எடுத்ததாகத் தோன்றுபவற்றை ஒதுக்கிவிடலாம். ஐயமிருந்தால் அனுப்பியவரையே கேட்கலாம். நேர்மையாக எடுத்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார். பறவைகள் அடையும் திட்டின் துல்லியமான இடத்தைக் குறிப்பிடாமல், மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தின் முதலிடத்தைச் சில வாரங்களிலேனும் சேற்றில் அலகூன்றி நிற்கும் ஒற்றை உள்ளானுக்கோ, ஓடிநின்று கொத்தும் உப்புக்கொத்திக்கோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் படம் பெரிதாக அச்சாகிறதோ, அடுத்த வாரம் கழிக்குச் செல்பவர்கள் அந்தப் படத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.

வலசைப் பறவைகள் வந்து இறங்கும் பருவம் தொடங்குவதற்கு முன்பே இந்த அறிவிப்பு வெளியானால் பயன் மிகுதியாக இருக்கும். அதற்கு ஓத அட்டவணையைப் படிக்கும் முறை பற்றிய சிறு விளக்கக் கட்டுரை தேவைப்பட்டால், எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்